நீங்க எந்த லெவல்ல ஆடியிருக்கீங்க?

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். பேர் வேண்டாம். அரசுப் பள்ளியில் பகுதி நேர பி.டி. மாஸ்டர். நிரந்தரமில்லாத வேலை. பேரை எழுதி, இருக்கிற வேலைக்கும் வேட்டு வைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே பெஞ்ச். நான் பி.காம். படிக்கப் போனேன். அவன் பந்தைத் துரத்திக்கொண்டு சென்னைக்குப் போனான். லீக்கில் இரண்டாவது டிவிஷன் டீம் ஒன்றுக்கு மூன்று சீசன் ஆடினான். பகலில் கூரியர் கம்பெனி வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். நாலாவது சீசனில் முழங்கால் போனது. ஸ்கேன் எடுக்கவே கடன் வாங்க வேண்டியிருந்தது. ஆபரேஷனுக்கு எங்கே போவது? பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான்.

உடற்கல்வி படித்தான். 2012-ல் தமிழக அரசு பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தபோது வேலை கிடைத்தது. வாரத்தில் மூன்று அரை நாள். மாதச் சம்பளம் ஐயாயிரம் ரூபாய். மூன்று அரை நாள் வேலைக்கு ஆறு நாளும் காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் நிற்பான். முப்பது பெண் பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பயிற்சியாளர் லைசென்ஸ் ஒன்றும் வாங்கினான். அவன் பிள்ளைகளில் சிலர் மாவட்ட அணிக்கு ஆடினார்கள்.

போன வருஷம் ஜூனியர் பெண்களுக்கு ஒரு பயிற்சி முகாம். கோச் வேண்டும் என்றார்கள். இவனும் போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். முதல் கேள்வி:

''நீங்க எந்த லெவல்ல ஆடியிருக்கீங்க?''

''சென்னை லீக் சார். செகண்ட் டிவிஷன்.''

''ஸ்டேட்?''

''இல்ல சார்.''

''நேஷனல்?''

''இல்ல சார்.''

அவ்வளவுதான். பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டார்கள். முகாமை முன்னாள் நட்சத்திரம் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் முதல் நாள் வந்தார், மாலை, சால்வை, போட்டோ. இரண்டாம் நாள் வந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து வரவில்லை. நாலாம் நாள் காலை விசிலோடு கிரவுண்டில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? என் நண்பன்தான். சம்பளமில்லாமல்.

கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னான். ''கோவம்லாம் இல்ல மச்சான். ஆனா அவங்க கேட்ட கேள்வியில அந்தப் பொண்ணுங்க எங்கயுமே வரலியேடா.''

நியாயமான பேச்சு. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாய், என்ன சொல்லிக் கொடுத்தாய், வந்தபோது எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி ஆடுகிறார்கள்? இதில் ஒன்றைக்கூட அந்த மூன்று பேரும் கேட்கவில்லை. கோச் வேலைக்கு ஆள் எடுக்க உட்கார்ந்தவர்கள், ஆட்டக்காரர் வேலைக்கான கேள்வியைக் கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

* * *

இது ஏதோ மாவட்ட அளவு வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லி வரைக்கும் பரவியிருக்கிறது.

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணிக்குக் கோச் தேடினார்கள். 170 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஸ்பெயினின் மாபெரும் ஆட்டக்காரர் சாவியும் ஒருவர், ஆனால் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் விட்டுவிட்டார்கள் என்று ஒரு செய்தி. நாடே புல்லரித்துப் போனது. அந்தப் புல்லரிப்பு அடங்குவதற்குள் கால்பந்து சம்மேளனமே அறிக்கை விட்டது. சாவி பேரிலும், பெப் கார்டியோலா பேரிலும் வந்த மின்னஞ்சல்கள் போலியாம்!

சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயம்தான். ஆனால் பெரிய பேர் ஒன்றைப் பார்த்ததும் நம் கண் எப்படி விரிகிறது பாருங்கள். வந்தது அவர்தானா என்று பார்ப்பதற்கு முன்பே 'ஐயோ, நம்மால் முடியாதே' என்று ஏங்குகிறோம்.

கடைசியில் ஆகஸ்ட் 1-ம் தேதி நியமிக்கப்பட்டவர் காலித் ஜமீல். 13 வருஷம் கழித்து இந்திய அணிக்கு ஓர் இந்தியக் கோச். இந்தியாவுக்கு ஆடியவர்தான். ஆனால் காயங்கள் தின்றுவிட்ட ஆட்ட வாழ்க்கை. ஐ.எம்.விஜயன், பாய்ச்சுங் பூட்டியா மாதிரி போஸ்டரில் ஒட்டப்பட்டவர் இல்லை. மும்பை எஃப்.சி. என்ற சின்ன கிளப்பை ஏழு வருஷம் கட்டி மேய்த்தார். 2016-ல் அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் மிஜோரமின் ஐஸ்வால். முந்தைய சீசனில் கீழே இறக்கப்பட்டு, பிறகு எப்படியோ மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. பணம் கொழிக்கும் கிளப்புகள் எல்லாம் வரிசையில் நிற்க, 2017 ஏப்ரலில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியது அந்த ஐஸ்வால்தான். வடகிழக்கிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் அணி.

அப்படிப்பட்டவருக்கு ஐ.எஸ்.எல். கிளப் ஒன்றில் நிரந்தரத் தலைமைக் கோச் பதவி கிடைக்க 2021 ஆனது. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரே அவர்தான். லீக் தொடங்கியது 2014-ல். ஏழு வருஷம் இந்தியாவில் நடந்த ஒரு லீக்கில், தலைமைக் கோச் நாற்காலியில் நிரந்தரமாக உட்கார ஓர் இந்தியன் கிடைக்கவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? கிடைக்கவில்லையா, தேடவில்லையா?

* * *

தாத்தா காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன். இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்களே, 1951 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். மூன்றுக்கும் கோச் ஒருவர்தான். ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம்.

அவர் யார்? பள்ளிக்கூட வாத்தியார். ஆமாம், வாத்தியார்தான். உஸ்மானியா பல்கலைக்கழக அணியிலும் உள்ளூர் கிளப்பிலும் ஆடியிருக்கிறார். இந்தியாவுக்கு ஆடியவர் இல்லை. உடற்கல்வி டிப்ளமோ வாங்கினார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை எடுத்தார். 1950 முதல் 1954 வரை அந்த அணி தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது.

நடுவில் ஒரு பெரிய அடியும் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றோம். பத்து கோல்! இன்றைக்கு என்றால் விமானம் தரையிறங்குவதற்குள் கோச்சை மாற்றியிருப்பார்கள். ரஹீமை 1956-க்கு மறுபடி அழைத்தார்கள். அவர் ஆட்ட முறையையே மாற்றினார். மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அதன் சொந்த மண்ணிலேயே சாய்த்து அரையிறுதிக்குப் போனோம். 1962 இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது அவர் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் கிடையாது.

அந்த ரஹீம் போன வருஷம் என் நண்பனோடு அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தால்? ''நீங்க எந்த லெவல்ல ஆடியிருக்கீங்க?'' ''காலேஜ் டீம் சார்.'' ''நெக்ஸ்ட்!''

* * *

வெளிநாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

ஜெர்மனியின் தாமஸ் டூஹெல் இரண்டாவது டிவிஷனில் எட்டே ஆட்டம் ஆடியவர். பிறகு மூன்றாவது டிவிஷன். இருபத்தைந்து வயதுக்குள் முழங்கால் முடிந்தது. பாரில் கிளாஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அப்புறம் சின்னப் பையன்களுக்குச் சொல்லித் தர ஆரம்பித்தார். 2021-ல் செல்சிக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தார். 2025 ஜனவரியில், கால்பந்தைக் கண்டுபிடித்ததாகப் பெருமை அடித்துக்கொள்ளும் இங்கிலாந்து, தன் தேசிய அணியை இந்த ஜெர்மன்காரர் கையில் கொடுத்தது.

இத்தாலியின் அரிகோ சாக்கி ஷூ விற்றவர். ஏ.சி. மிலானுக்குக் கோச்சாக வந்தபோது, பெரிய ஆட்டக்காரராக இல்லாதவர் எப்படி இந்த வேலைக்கு என்று முணுமுணுத்தார்கள். குதிரை ஓட்டுகிறவன் அதற்கு முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். 1989, 1990 இரண்டு வருஷமும் ஐரோப்பியக் கோப்பை மிலானுக்கு!

இது எப்படி நடக்கிறது? என் நண்பனின் கிரவுண்டில் ஒரு காலை நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு பெண். பதிமூன்று வயது இருக்கும். நல்ல கால். ஆனால் பந்து வந்ததும் தலை குனிந்துவிடும். நிமிர்வதற்குள் எதிராளி வந்துவிடுவாள். நானாக இருந்தால் ''சீக்கிரம், சீக்கிரம்'' என்று கத்தியிருப்பேன். இவன் கத்தவில்லை. அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். எதிரே இருந்து இன்னொரு பெண் பந்தை உதைப்பாள். பந்து காலுக்கு வருவதற்குள் இவள் ஒரு முறை திரும்பிப் பார்த்து, பின்னால் நிற்கும் இவன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று சொல்ல வேண்டும். ''மூணு சார்!'' ''ரெண்டு சார்!'' கால் மணி நேரம். அப்புறம் ஆட்டத்தில் விட்டான். அந்தப் பெண் பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிறாள்! எதிராளி எங்கே, தோழி எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. யாரும் 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. அவளாகவே சீக்கிரமாகிவிட்டாள்.

''இதை எங்கடா கத்துக்கிட்ட?'' என்றேன்.

''எனக்கு வேகம் கிடையாது மச்சான். வேகம் இல்லாதவன் முன்னாடியே பாத்து வச்சிக்கணும். இல்லன்னா செகண்ட் டிவிஷன்லகூட ஒரு வாரம் தாக்குப் பிடிக்க முடியாது.''

இதுதான் விஷயம். வரம் வாங்கி வந்தவனுக்கு எல்லாம் தானாக வரும். எப்படி வந்தது என்று கேட்டால் ''அது அப்படியே வரும்பா'' என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரியாது. வரம் இல்லாதவன் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, யோசித்து, தப்பு செய்து கற்றிருப்பான். அதனால் பிரித்துச் சொல்லித்தர அவனுக்கு வரும். தவிர, நட்சத்திரம் முப்பத்தைந்து வயது வரை ஆடிவிட்டு கோச்சிங்குக்கு வரும்போது, முழங்கால் போனவன் பத்து வருஷம் சர்வீஸ் போட்டிருப்பான்.

* * *

பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல கோச் ஆகவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கார்டியோலா, ஜிடேன், பெக்கன்பாவர் எல்லாம் இருக்கிறார்கள். ஆனால் மரடோனாவும் இருக்கிறார். 2010 உலகக் கோப்பை காலிறுதியில் அவருடைய அர்ஜென்டினா ஜெர்மனியிடம் 4-0 என்று தோற்றது. ஆடுவது ஒரு தொழில், ஆட வைப்பது இன்னொரு தொழில். ஒன்று நன்றாக வந்தால் மற்றதும் வரலாம், வராமலும் போகலாம்.

காலித் ஜமீல் மட்டும் என்ன கிழித்தார் என்று ஒருத்தர் கேட்பார். 2025 அக்டோபர் 14, கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பும் போனது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0. ''பார்த்தீர்களா, உள்நாட்டு ஆளைப் போட்டால் இப்படித்தான்!''

கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு நம்மை வீழ்த்திய சிங்கப்பூர் அணியின் கோச் யார்? காவின் லீ. 35 வயது உள்ளூர்க்காரர். ஆட்டக்காரராகப் பேர் வாங்கியவர் இல்லை. இருபதுகளிலேயே கோச்சிங்தான் தன் தொழில் என்று இறங்கியவர். சிங்கப்பூரை அவர் ஆசியக் கோப்பைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதாவது, நாம் யாரை நம்பத் தயங்குகிறோமோ அதே மாதிரி ஆளை நம்பிய ஊர் நம்மைத் தோற்கடித்தது.

பெரிய பேரை நம்பியும் பார்த்திருக்கிறோமே. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்த குரோஷிய அணியின் இகோர் ஸ்டிமாச்சை 2019-ல் கொண்டுவந்தோம். 2023-ல் சில கோப்பைகள் வந்தன, மறுக்கவில்லை. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றோம். ஜூனில் அவரை நீக்கினார்கள். ஒப்பந்தத்தை முறித்ததற்கு இழப்பீடு நாலு லட்சம் டாலர். நம் காசில் சுமார் 3 கோடியே 36 லட்சம்.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். 2012-ல் ஐயாயிரமாக இருந்த பகுதி நேர ஆசிரியர் சம்பளம், 2024-ல்தான் 12,500 ஆனது. பன்னிரண்டு வருஷம்! வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால், ஒரே ஒரு கோச்சை வீட்டுக்கு அனுப்பக் கொடுத்த பணம் 224 பி.டி. மாஸ்டர்களின் ஒரு வருஷச் சம்பளம். அது சம்மேளனத்தின் பெட்டி, இது மாநில அரசின் பெட்டி, இரண்டையும் கூட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு பெட்டியிலும் பூட்டு ஒரே மாதிரிதான் தொங்குகிறது. மேலே இருப்பவனுக்கு உடனே திறக்கும். கீழே இருப்பவனுக்கு சாவியைக் காணோம்.

பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தது அ.தி.மு.க. ஆட்சி. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி தந்தது தி.மு.க. அதற்கப்புறமும் இவர்கள் சென்னைக்குப் போய் ரோட்டில் உட்கார்ந்து போராடியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு சேனலை மாற்றியிருப்பீர்கள். நானும்தான்.

* * *

வேடிக்கை என்னவென்றால், தமிழனுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சலங்கை கட்டி மேடையேறிப் பேர் வாங்கியவரா? கீழே உட்கார்ந்து தட்டுக்கழி தட்டியவர். ருக்மிணி தேவி அருண்டேல் அவரிடம் போய்க் கற்றார். 'நீங்க எந்த சபாவில ஆடியிருக்கீங்க?' என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

சதுரங்கத்தைப் பாருங்கள். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனாரே குகேஷ், அவரை 2017-லிருந்து வார்த்தவர் விஷ்ணு பிரசன்னா. பிரக்ஞானந்தாவை வளர்த்தவர் ஆர்.பி.ரமேஷ். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்தான். ஆனால் உலகப் பட்டத்துக்கு ஆடியவர்கள் இல்லை. தங்கள் ஆட்டத்தை ஓரம் கட்டிவிட்டுப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள். 'ஆனந்த்தான் வேண்டும், இல்லாவிட்டால் என் பிள்ளை ஆடமாட்டான்' என்று பெற்றோர் அடம் பிடித்திருந்தால் குகேஷ் கிடைத்திருப்பாரா?

நாட்டியத்திலும் சதுரங்கத்திலும் புரிந்தது கால்பந்தில் மட்டும் ஏன் புரியவில்லை? அங்கே ஆசானைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையைப் பெற்றவர்கள். இங்கே தேர்ந்தெடுப்பது கமிட்டி. கமிட்டிக்குப் பிள்ளை முக்கியமில்லை. நோட்டீஸில் போட ஒரு பேர் முக்கியம்.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, கோச் வேலைக்கு வருகிறவரிடம் அவர் மூன்று வருஷமாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளின் பட்டியலைக் கேளுங்கள். முடிந்தால் கிரவுண்டுக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இரண்டு, லைசென்ஸ் படிப்பு டி, சி, பி, ஏ என்று ஏணி மாதிரி மேலே போகிறது. அரசுப் பள்ளி மாஸ்டர் ஏறும் ஒவ்வொரு படிக்கும் கட்டணத்தை அரசோ சம்மேளனமோ கட்டட்டும், அந்த நாட்களை வேலை நாளாகக் கணக்கு வைக்கட்டும். மனைவியின் தோடு அடகுக் கடையில் இருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதைத் தடை செய்யுங்கள். வாங்கிய கடனை அவர் ஒரு நாளாவது திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் உண்டா?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலைக்கு வந்திருப்பீர்கள். 2,668 அடி உயர மலை உச்சியில் சுடர் எழுந்ததும் லட்சக்கணக்கான ஜனம் 'அரோகரா' என்று கத்தும். எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் அதற்கு முதல் நாளே பருவதராஜ குலத்தைச் சேர்ந்த மனிதர்கள் அந்தக் கனத்த கொப்பரையைத் தோளில் சுமந்து, கல்லிலும் முள்ளிலும் உச்சிக்கு ஏற்றியிருப்பார்கள். நெய் ஏறியிருக்கும், திரி ஏறியிருக்கும். கீழே நின்று பார்க்கிற நமக்குச் சுடர் தெரியும். தோள் தெரியாது.

என் நண்பனுக்கு அடுத்த முகாமுக்கு மறுபடி அழைப்பு வந்திருக்கிறதாம். அதே மேஜை, அதே கேள்வி வரும். ''என்னடா சொல்லப் போற?'' என்றேன்.

''ஆடின லெவலைச் சொல்லிட்டு, அந்தப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து வெளியில நிக்க வச்சிருக்கேன், ஒரு நிமிஷம் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க சார்னு சொல்லப் போறேன் மச்சான்.''

எட்டிப் பார்ப்பார்களா?